கால் மிதிக்கும் பாடம்

அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் யார் காலை வேண்டுமானாலும் மிதிக்கலாம். மாடிப்படியில், சாப்பாட்டு வரிசையில், குளியலறை வாசலில், எங்கே வேண்டுமானாலும். மிதித்தவர் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மிதிபட்டவர் கேட்டால்தான் தப்பு.

கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் வளர்ந்த எவளுக்கும் இதன் அவசியம் புரியும். எங்கள் ஊரில் ஒருவன் உங்கள் காலை மிதித்தால் நீங்கள்தான் அவனிடம் "சாரி" என்பீர்கள். என் கால் உங்கள் பூட்ஸுக்கு அடியில் வந்து தொலைத்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்கிற மாதிரி. ஜெர்மன்காரன் பிடித்துவைத்திருக்கும் பிரான்சில் ஒருத்தி அப்படிச் சொன்னால், அடுத்த ஸ்டேஷனில் அவள் கையில் விலங்கு இருக்கும். அங்கே யாராவது மிதித்தால் திட்ட வேண்டும். அதுவும் வாய் நிறையத் திட்ட வேண்டும்.

அது 1943, இலை உதிர்கிற மாதம். ஹாம்ப்ஷையர் காட்டுக்குள் இருந்த ஒரு பிரபுவின் வீட்டைக் காலி செய்து ராணுவம் எங்களை உள்ளே வைத்திருந்தது. ஒற்று வேலையைக் கற்றுக்கொண்டு பாராசூட்டில் பிரான்சுக்குள் குதிக்க வேண்டியவர்கள் நாங்கள். பாதிப் பேருக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. எல்லோருக்கும் அம்மா அல்லது அப்பா பிரெஞ்சு. நிஜப் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முதல் விதி. உள்ளே நான் இவெத். என் அறைத்தோழி லூசியென். அவளுடைய நிஜப் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலையில் பூட்டுத் திறக்கும் வகுப்பு. அதை எடுத்த ஸ்கெக்ஸ், ஜெயிலிலிருந்து எங்களுக்காகவே வெளியே கொண்டுவந்த திருடர். அந்த வீட்டிலேயே மிக மரியாதையான மனிதர் அவர்தான். பிறகு பின்தொடர்கிறவனை உதறுவது, ஒரு முறை பார்த்த முகத்தை மறக்காமல் இருப்பது, சிறு தாளை மென்று விழுங்குவது. மத்தியானம் கேப்டன் ஆர்ட்லியின் வகுப்பு. யுத்தத்துக்கு முன்னால் லியோனில் ஒயின் வியாபாரம் பார்த்தவர். கத்திப் பேசாத ஆள், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். காபிக் கடையில் பால் கேட்காதே, அங்கே பாலே கிடையாது. சிகரெட் கேட்காதே, பெண்களுக்கு அங்கே சிகரெட் ரேஷன் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை ரொட்டியால் துடை. தெருவைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார், வண்டிகள் அங்கேயிருந்துதான் வரும். இப்படி இருபது வருஷம் அம்மா அப்பா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்.

தேறினால் பிரான்ஸ். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். எங்கள் தலைக்குள் இருந்த விஷயங்களோடு எங்களை வெளியே விடமுடியாது அல்லவா? ஸ்காட்லாந்தில் மலைக்கு நடுவே பூட்டிய கேட்டோடு ஒரு வீடு இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், யுத்தம் முடியும்வரை ஆடுகளை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டோம். குண்டடிக்குப் பயப்படாத பெண்கள்கூட ஸ்காட்லாந்து என்றால் வெளிறிப்போவார்கள். நானும்தான்.

லூசியென் வயர்லெஸ் கருவியில் செய்தி தட்டினால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அவ்வளவு வேகம், ஒரு பிசகு இருக்காது. நான் செய்தி கொண்டுபோகிறவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்திலிருந்து குதிப்பதாக ஏற்பாடு. அவளுடைய ஒரே கோளாறு அந்த "சாரி". வொர்திங் கடற்கரையில் அவள் அப்பா தங்கும் விடுதி நடத்தினார். சூப் ஆறிப்போனால் சாரி, வெந்நீர் வராவிட்டால் சாரி, மழை பெய்தால்கூட விருந்தாளிகளிடம் சாரி சொல்லி வளர்ந்தவள். யார் மிதித்தாலும் அவள் தோள் முதலில் குறுகும், உடனே வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து விழும். சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு வந்த ஆர்ட்லி அவள் காலை நன்றாக அழுத்தி மிதித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டாள்.

"அது பிரெஞ்சு உடுப்பு மாட்டின இங்கிலீஷ் சாரி, மத்மசேல்," என்றார் அவர், கிழங்கைப் பரிமாறியபடியே. "இதே மாதிரி இருந்தா நான் உங்களை அனுப்ப முடியாது."

அவள் அந்தக் கிழங்கைத் தொடவே இல்லை. அவள் அம்மா, ஜெர்மன்காரன் பிரான்சைப் பிடிப்பதற்குச் சற்று முன்பு தங்கையைப் பார்க்க நாந்த் நகரத்துக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டுவிட்டார். மூன்று வருஷமாக ஒரு தகவலும் இல்லை. நாந்துக்கு அனுப்பமாட்டார்கள் என்று லூசியெனுக்குத் தெரியும். ஆனாலும் அம்மா இருக்கிற மண்ணில் நின்றால் போதும் என்பாள்.

அன்றிலிருந்து நானே அவளுக்கு வாத்தியார் ஆனேன். மத்தியான வகுப்பு முடிந்ததும் குதிரை லாயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் மிதிப்பேன்.

"திட்டுடீ!"

"வரமாட்டேங்குதே இவெத்."

"ஏன் வராது? உன் காலு வீங்கிப் போயிருக்கு. மிதிச்சவ எதிர்ல நிக்கறா. இன்னும் என்ன வேணும் உனக்கு, பூச்செண்டா?"

"உன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வருது."

"அப்ப அந்த ஆர்ட்லி மூஞ்சிய நெனச்சுக்கோ."

"அவரைப் பாத்தா பாவமா இருக்கு. எப்பப் பாத்தாலும் ஜலதோஷம்."

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடி மிதித்தேன். "மாடு," என்றாள் மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ரொம்பக் கடுமையா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

லாயத்துச் சுவரில் சாய்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "கடைசியில நம்ம ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு கூட்டாளியப் பத்திக் கேப்பாங்களாம். என்னைப் பத்திக் கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"அவ சுத்தமா திருந்திட்டான்னு சொல்லுவேன்."

"திருந்தலையே."

"அது ஆர்ட்லிக்கு எதுக்கு?"

"பொய் சொல்லுவியா?"

"பின்ன? உன்னை ஆடு மேய்க்க அனுப்பிட்டு நான் மட்டும் குதிக்கணுமா? போடீ."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி வாரம் ஒரு காலையில், நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது ஜெர்மன் சீருடையில் சிலர் உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் முடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். வேஷம் போட்ட நம் ஆட்கள்தான், இதுவும் ஒரு பரீட்சைதான் என்று தெரியும். கார் ஷெட்டுக்குள் முதலில் அவளைத் தள்ளினார்கள். என்னைக் கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நிற்கவைத்தார்கள்.

எல்லாம் கேட்டது. பெயர் என்ன, எந்த ஊர், ரொட்டி எந்தக் கடையில் வாங்குகிறாய், சித்தப்பா எந்தச் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று மூச்சுவிடாமல் கேட்டார்கள். அவளுக்குக் கட்டிக்கொடுத்திருந்த பொய்க் கதையில் அவள் எங்கும் சறுக்கவில்லை. மேலே தண்ணீரை ஊற்றினார்கள். அப்போதும் அவள் சித்தப்பா அதே சாலையில்தான் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு நாற்காலியை உதைத்தார்கள் போலிருக்கிறது, அவள் சரிந்து யார் மேலோ விழுந்தாள். "ஐயோ, சாரி," என்றாள், வொர்திங் இங்கிலீஷில்.

என் நெற்றி சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சுவரின் ஈரம் இன்னும் நினைவிருக்கிறது. யாரும் கவனித்திருக்கக் கூடாது, தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நின்றேன். என் முறை வந்தபோது நான் அவர்கள் எல்லோரையும் சந்தைக்காரி மாதிரி திட்டித் தீர்த்தேன். பயத்தில் வந்த திட்டு அது, என்னைப் பற்றிய பயம் இல்லை.

மத்தியானம் ஆர்ட்லி என்னைக் கூப்பிட்டார். மூக்கைச் சிந்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"லூசியென் மாட்டினா அடுத்தது நீங்க. இது உங்க கழுத்து சம்பந்தப்பட்ட விஷயம், அதனால உங்ககிட்டயே கேக்கறேன். அந்தப் பழக்கம் போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்."

"முழுசா?"

"முழுசா. நேத்துக்கூட மிதிச்சுப் பாத்தேன். காது குடுத்துக் கேக்க முடியல, அப்படித் திட்டறா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குக் காலைல?"

"காலைல என்ன சார்?"

"ஷெட்டுக்கு வெளியில நீங்கதான நின்னீங்க? அந்தக் கதவுல கையே நுழையற அளவுக்கு ஓட்டை இருக்கு. உள்ள ஒருத்தர் தும்மினா தோட்டத்துல கேக்கும்."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"உங்களுக்கு முன்னால லூசியெனைக் கூப்பிட்டேன்," என்றார். "தானாவே சொன்னாங்க. காலைல சாரி சொல்லிட்டேன், இன்னும் திருந்தல, ஒரே ஒரு வாரம் குடுங்கன்னு. அப்புறம் உங்களைப் பத்திச் சொன்னாங்க. இவெத் வந்து நான் திருந்திட்டதா சொல்லுவா, நம்பாதீங்க. அவளை என்கூட அனுப்பவும் அனுப்பாதீங்க. நான் மாட்டினா அவ ஓடமாட்டா. என்னைக் காப்பாத்த எதையாவது சொல்லிக்கிட்டு அங்கயே நிப்பா. இப்படித்தான் சொன்னாங்க."

என் காது இரண்டும் சுட்டன. அவள் மேல் வந்த கோபத்தில் எனக்கு எதிரே இருந்த மேஜைகூடச் சரியாகத் தெரியவில்லை.

"வாயில இருக்கற தப்பு போயிடும்," என்றார் ஆர்ட்லி. குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க பூட்டு நல்லா திறக்கறீங்க, ஓடறீங்க, திட்டறீங்க. ஆனா கூட்டாளி மாட்டினா திரும்பிப் பாக்காம நடக்கணும். அதைத்தான் இங்க சொல்லிக்குடுக்கறோம். மத்ததெல்லாம் சில்லறை. அதுல நீங்க தேறல."

ஸ்காட்லாந்துக்கு வண்டி வரும்வரை என்னை வீட்டின் மறுகோடியில் தனியாக வைத்தார்கள். ஜன்னல் வழியே காட்டுக் குதிரைகள் மேய்வது மட்டும் தெரிந்தது. அந்த ஒரு வாரமும் நான் மனதுக்குள் லூசியெனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். துரோகி என்றேன். சோற்றுக்கு நன்றியில்லாதவள் என்றேன். காலெல்லாம் வீங்க வீங்க உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதற்கு இதுவா கூலி என்று கேட்டேன். திட்டித் திட்டி ஓய்ந்த பிறகு வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஒரு வாரத்தில் அவளை யார் மிதிப்பார்கள்? எல்லோரும் அவளுக்கு வலிக்குமே என்று பார்த்து மிதிப்பார்கள். திருந்தாமலே அனுப்பிவிடுவார்களோ? ரயிலில் எவனோ ஒருவன் மிதிப்பான், அவள் தோள் குறுகும், அந்த வார்த்தை வந்து விழும். கண்ணை மூடினாலே இதுதான் தெரிந்தது.

புறப்படுகிற காலை, பெட்டியோடு என்னை முன் கூடத்துக்கு அழைத்துவந்தார்கள். அவளும் அங்கே நின்றிருந்தாள். பழைய பிரெஞ்சுக் கோட்டு, மரத்தில் அடி வைத்த செருப்பு, கையில் அட்டைப் பெட்டி. விமானதளத்துக்குப் போகும் கார் வெளியே பாதையின் அந்தப் பக்கம் நின்றது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. ஆர்ட்லி மாடிப்படியில் நின்று கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் யோசிக்கவில்லை. நேரே போய்க் குதிகாலால் அவள் காலை மிதித்தேன். ஒரு வாரக் கோபத்தையும் சேர்த்து மிதித்தேன்.

அவள் தோள் குறுகவில்லை. அட்டைப் பெட்டியாலேயே என் மார்பில் இடித்துத் தள்ளினாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, எருமை? வழிய விட்டுத் தொலை!" என்றாள் பிரெஞ்சில், கூடமே அதிரும்படி. அவள் கண் நிறையத் தண்ணீர் இருந்தது. வாயில் மட்டும் ஒரு மன்னிப்பும் இல்லை. என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஒரு நாளில் அவள் கேட்கவில்லை.

என் கோபம் அப்படியே கரைந்துபோய்விட்டது. பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்றும் நினைத்தேன்.

"சாரி," என்றேன் நான், நல்ல இங்கிலீஷில். ஸ்காட்லாந்துக்குப் போகிறவள் எந்த மொழியில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அவள் பெட்டியை இடுக்கிக்கொண்டாள். வெளியே படியிறங்கிப் பாதையோரத்தில் ஒரு நொடி நின்றாள். முதலில் இடது பக்கம் பார்த்தாள், பிறகு வலது பக்கம். கடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டாள். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.