தடை நீங்கிய ஆகஸ்ட்

1958 ஜூன் கடைசியில், பள்ளி விடும் நேரத்தில் ஃபாதர் ஹெனகன் செய்தித்தாளோடு வகுப்புக்குள் வந்தார்.

"மிஸ் கில்ஹூலி, இனிமே நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் இந்த வேலையில இருந்து அனுப்ப முடியாதாம். அரசாங்கம் தடைய எடுத்துருச்சு. மாப்பிள்ளைதான் பாக்கி!"

டிம்ப்னா கில்ஹூலியும் சேர்ந்து சிரித்தாள். அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆம்ப்ரோஸ் டியர்னி அவளைப் பெண் கேட்டான். அவனுக்கு இருந்ததெல்லாம் கோரை மண்டிய ஐந்து ஏக்கர். அவள் வீட்டிலோ நெஞ்சுச்சளியில் படுத்துவிட்ட அப்பா, படிக்கும் தங்கைகள் மூன்று பேர். கல்யாணம் செய்துகொண்டால் டீச்சர் வேலை போய்விடும் என்பது அன்றைய சட்டம். அவள் முடியாது என்றாள். அவன் கப்பலேறி கவென்ட்ரி நகரத்துக்குப் போய்க் கார் தொழிற்சாலையில் சேர்ந்தான்.

ஆனாலும் வருடம் தவறாமல் ஆகஸ்டில் இரண்டு வாரம் ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் ஏரிவரை நடப்பார்கள். மழை, வைக்கோல், யார் செத்தார்கள் என்று பேசுவார்கள். ஒருநாளும் அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. மீதி ஐம்பது வாரமும் அவள் அந்த இரண்டு ஞாயிறுகளை நினைத்தே தள்ளினாள். அப்பா போய்ச் சேர்ந்தார். தங்கைகள் ஒவ்வொருத்தியாக பாஸ்டனுக்குப் போனார்கள்.

தடை நீங்கிய அந்த ஆகஸ்டில், ஏரிக்குப் போகும் வழியில் அவளே ஆரம்பித்தாள்.

"ஆம்ப்ரோஸ், அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப நான் கேக்குறேன்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

"அங்க என்னை ஃபோர்மேன் ஆக்கிட்டாங்க, டிம்ப்னா. நாப்பது பேர் எனக்குக் கீழ. இங்க வந்து நான் என்ன பண்ண? நீ பள்ளிக்கூடம் போவ, நான் கோரை வெட்டிக்கிட்டு இருக்கணுமா? 'டீச்சரம்மா வீட்டுக்காரர் வர்றாரு'ன்னு மதுக்கடையில கேலி பண்ணுவானுங்க."

"பண்ணட்டுமே. அதைக் கேட்டு யாரும் சாகல."

"நீ அங்க வாயேன்."

"வந்து? உன் சாப்பாட்டு டப்பாவ கட்டிக்கொடுத்துட்டு ஜன்னலப் பார்த்துக்கிட்டு இருக்கவா? இங்க எனக்கு அறுபத்திரண்டு பிள்ளைங்க."

அவன் மெல்லச் சொன்னான்: "தடைய எடுத்துட்டாங்க, சரி. போன பன்னிரண்டு வருஷத்த யாரு எடுத்துத் தருவா?"

அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் எதிரே பூசை முடிந்து வந்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

கிளேர்மோரிஸ் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலை இறக்கி அவன் கேட்டான்: "அடுத்த ஆகஸ்ட்ல பார்ப்போமா?"

"ஆகஸ்ட் எனக்குப் போதல, ஆம்ப்ரோஸ். தவக்காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்க, அதுக்கு முன்னால வா. வந்தா கல்யாணத்துக்கு வா. இல்லன்னா வராத."

இப்படிச் சொல்லிவிட்டோமே என்று ரயில் மறையும் முன்பே வருந்தினாள். திரும்பக் கூப்பிடவும் மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. கையெழுத்துக்கு மேலே ஒரே வரி: "யோசிச்சிக்கிட்டே இருக்கேன்." ஜனவரி முழுக்க அவள் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்திருந்தாள். தவக்காலம் தொடங்கியது. அவன் வரவில்லை. அடுத்த ஆகஸ்டிலும் வரவில்லை. அவள் சொன்ன சொல்லை அப்படியே மதித்துவிட்டான். கொஞ்சம் மதிக்காமல் இருந்திருக்கலாம் என்று அவள் ஏங்கினாள்.

செப்டம்பரில் சின்ன வகுப்பு டீச்சர் கன்செப்டாவுக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்த வாரமே அவள் பள்ளிக்கு வந்துவிட்டாள். மோதிரத்தைப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்தன.

"எங்க, எனக்கும் காட்டு" என்றாள் டிம்ப்னா.

நீட்டிய கையை வாங்கிப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். மணி அடித்த பிறகும் அந்தக் கையை அவள் விடவில்லை. கன்செப்டாவும் இழுத்துக்கொள்ளவில்லை.