இரண்டு லாரி, இரண்டு பாதை

மயில்சாமிக்கு மூளை கொஞ்சம் அதிகம். அதுதான் அவரைப் பிடித்த சனி.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் லோடு அனுப்பும் கிளார்க் அவர். தேயிலை விலை அதலபாதாளத்தில் விழுந்து, சுற்றுவட்டாரத்தில் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த வருஷம். இவர்களுடைய பாய்லர் எரிந்ததே ஒரேயொரு வெளிநாட்டு ஆர்டரால்தான். போன ஐப்பசியில் அந்தச் சரக்கோடு போன இரண்டு லாரியும் பர்லியாறு மண்சரிவில் மாட்டிக் கப்பலைத் தவறவிட்டன. ஒரு தடவை பொறுத்தேன், இனி பொறுக்கமாட்டேன் என்று வாங்குகிறவன் எழுதிவிட்டான்.

அதனால் இந்த ஐப்பசியில் மயில்சாமி ஒரு திட்டம் போட்டார். ஒரு லாரி வழக்கம்போல பர்லியாறு வழியாகக் கொச்சிக்குப் போகும். இன்னொன்று கூடலூர், நாடுகாணி வழியாகப் போகும். அதில் அவரே ஏறிக்கொள்வார்.

"ஏனுங்க மயில்சாமி, ரெண்டும் ஒண்ணாவே போகட்டுமே?" என்றார் மேனேஜர் வசந்த்குமார்.

"ரெண்டும் ஒரே எடத்துல மாட்டுனா என்னங்க பண்றது? இப்படிப் போனா ஒண்ணாச்சும் போய்ச் சேருமுங்க."

மேனேஜர் தலையாட்டினார். அங்கேயே சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மருதாம்பாள், "எம்பட ஊட்டுக்காரரு யோசிச்சா யோசிச்சதுதான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அடக் கடவுளே! புதன்கிழமை மத்தியானம் நாடுகாணி தாண்டி நாலாவது வளைவில் லாரிக்கு முன்னால் மலை சரிந்தது. ரிவர்ஸ் எடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தால் பின்னாலும் சரிந்து கிடந்தது. முன்னே போக வழியில்லை, பின்னே போக வழியில்லை. மழையோ விடுவதாக இல்லை.

கப்பலுக்குச் சரக்குச் சேரவேண்டிய கடைசி நாளான வியாழக்கிழமை விடிந்ததும் டிரைவர் காளிமுத்து ஒரு யோசனை சொன்னார். "மண்ணுக்கு அந்தப் பக்கம் கேரளா லாரி காலியா நிக்குதுங்க. மூட்டையத் தலையில தூக்கி மாத்திப் போடலாமுங்களா?"

மயில்சாமி தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார். "இந்த மழையிலயா? தூள் நனைஞ்சா பூசணம் புடிச்சுருமுங்க. கொண்டுபோயிக் கடல்லதான் கொட்டோணும்."

தார்ப்பாயைப் பிரித்தால் தேயிலை போச்சு, பிரிக்காவிட்டால் கப்பல் போச்சு. ஆனாலும் ஒரு தெம்பு மிச்சமிருந்தது. பின்னால் கிடந்த சேற்றை முழங்காலளவு மிதித்துக் கடந்து, நாடுகாணி டெலிபோன் பூத்துக்கு நடந்தார். கொச்சியில் இவர்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் செலஸ்டினைப் பிடித்தார்.

"பர்லியாறு வண்டி வந்துதுங்களா?"

"நேத்து ராத்திரியே வந்தாச்சு சார். வழியில ஒரு தடையும் இல்லையாம்."

மயில்சாமி கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டார். "அதை மட்டும் ஏத்தி உட்ருங்க. எம்பட வண்டி வராதுங்க."

அந்தப் பக்கம் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதெப்படி சார்? மொத்தமும் ஒரே லாட். பேப்பர்ல ஒரே நம்பர். முழுசா வந்தாத்தான் வாங்குறவன் எடுப்பான், பாதி வந்தா தொடவே மாட்டான். இது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இருபது வருஷமாக லாட் நம்பரைச் சாக்குகளில் அச்சடித்தவரே அவர்தான். போன வருஷத்து மழையையே நினைத்துக்கொண்டிருந்ததில் அது புத்தியில் உறைக்கவில்லை. ரிசீவரைப் பிடித்தபடி, "நாந்தாங்க, நாந்தாங்க கெடுத்தேன்" என்று வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கொச்சித் துறைமுகக் கேட்டை மூடிவிட்டார்கள். நாலரைக்கு மலையில் ஜேசிபி வந்து இரண்டு பக்கமும் மண்ணை ஒதுக்கியது. மழையும் விட்டிருந்தது. காளிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்.

"எந்தப் பக்கங்க போறது?"

முன்னால் போனால் கப்பல் இல்லை. பின்னால் போனால், ஒரு லாரியாவது சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில், மருதாம்பாள் அடுத்த லோடுக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருப்பாள்.

"செத்த நேரம் இங்கயே நில்லுங்க" என்றார் மயில்சாமி.