கரப்பான் தளபதி

போர் தொடங்கியதிலிருந்து நம் ராணுவம் எதிரியைப் பிடித்ததோ இல்லையோ, எதிரியின் சாமான்களைப் பிடிப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. முதலில் ஒரு வரைபடத்தைப் பிடித்தார்கள். அதில் எதிரி வரைந்திருந்த சிவப்பு அம்புகள் எல்லாம் பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் குறிவைத்தே பாய்ந்தன. ஒரு அம்புகூடத் தவறிப்போய் ராணுவ முகாம் பக்கம் திரும்பவில்லை. அடுத்ததாக, எரிந்து கரிக்கட்டையாகிப்போன டாங்கிக்குள்ளிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்தார்கள். அதில் ஒரு கீறல் இல்லை.

"டாங்கி உருகிப் போச்சு, கம்ப்யூட்டர் மட்டும் பளபளன்னு இருக்கு. அந்தக் கம்ப்யூட்டர் செஞ்ச தகரத்துலயே டாங்கியையும் செஞ்சிருக்கலாம்ல?" என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சவரத்துக்கு முகத்தைக் கொடுத்திருந்தவர் மட்டும் கத்திக்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் தினமும் மாலைச் செய்தியில் காட்டுவதற்கென்றே ராணுவத்தில் ஒரு பேச்சாளர் இருந்தார். கையில் நீளமான பிரம்போடு வருவார். திரையில் எதையாவது காட்டி, பிரம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பிரம்பு வாத்தியார்'. எல்லோரும் அவரை ஒரு நாள் விடாமல் பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.

குரல்காரரும் நம்பவில்லை. அவர் வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங் பேசுகிறவர். வில்லன், கிழவன், குடிகாரன் என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது அவர் தொண்டையில் குடியிருந்துவிட்டுப் போவார்கள். இருந்தும் ஊர் முழுக்க அவரைத் தெரிந்திருந்தது ஒரு பூச்சி மருந்து விளம்பரத்தால்தான். அதில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து விழுந்து, காலை உதறிக்கொண்டு, "ஐயோ, என் வம்சமே அழியுதே!" என்று மூக்கால் அழும். அந்த அழுகை அவருடையது. கடைவீதியில் அவர் தலையைக் கண்டாலே யாராவது ஒருவர், "என்ன, வம்சம் சௌக்கியமா?" என்று கேட்பார். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒருவர் வந்தார். சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் காலணி பளபளப்பு அவரைக் காட்டிக் கொடுத்தது. ராணுவச் செய்திப் பிரிவின் மேஜர். கூடத்தின் முதலாளி அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எதிரி தளபதி அவங்க மேலிடத்தோட போன்ல பேசினதை நம்ம பசங்க பிடிச்சிருக்காங்க. ஒலி தெளிவா இல்ல. அதையே நீங்க தெளிவா பேசித் தரணும்," என்றார் மேஜர். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே மொழிதான். கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

"அசலை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சார். எங்க இழுக்கிறார், எங்க மூச்சு விடறார்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்," என்றார் குரல்காரர்.

"அது ரகசியம்."

"பேசினது என்னன்னு எழுதி என் கையிலயே குடுத்திருக்கீங்க. பேசின விதம் மட்டும் ரகசியமா?"

மேஜர் சிரித்தார். "திரையில கீழே 'சித்திரிப்பு'ன்னு போட்டுடுவோம். நீங்க கவலையே படாதீங்க."

பதிவு தொடங்கியது. இரண்டு முறை பேசிக் காட்டியபின் மேஜர் கையை உயர்த்தினார். "'பின்வாங்கலாமான்னு யோசிக்கிறோம்' வேண்டாம். 'மலையைக் காலி பண்ணிட்டு வந்துட்டோம், அங்க ஒருத்தர்கூட இல்ல'ன்னு சொல்லுங்க."

"பிடிபட்ட பேச்சை நாம எப்படி சார் திருத்தறது?"

மேசைக்கு அடியில் முதலாளி அவர் காலை மிதித்தார். குரல்காரர் வாயை மூடிக்கொண்டு ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கடைசியில் தளபதி அழ வேண்டும் என்று மேஜர் கேட்டபோது, ஒருவனைத் தோல்வி எப்படி உடைக்கும் என்று மட்டுமே யோசித்தார். நாலாவது தடவை அழுகை தானாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதன்மேல் கரகரவென்று இரைச்சலைச் சேர்த்து, தெளிவாகப் பேசியதைத் தெளிவில்லாமல் ஆக்கினார்கள்.

அடுத்த நாள் மாலையே பிரம்பு வாத்தியார் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நமது வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கைப்பற்றிய ஒலிப்பதிவு!" என்று திரையை இரண்டு தட்டுத் தட்டினார். கீழே 'சித்திரிப்பு' என்ற சொல் வரவில்லை. "ஐயோ, என் படையே அழியுதே!" என்று எதிரி தளபதி மூக்கால் அழுதார்.

குரல்காரரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு காலில் இருக்க, அப்படியே நின்றார்.

"என்னங்க, இது நீங்கதானே?"

"சித்திரிப்புன்னு போடறேன்னு சொன்னாங்க."

"போட்டாங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலிருந்தும் கேட்டது. மாடிகளிலிருந்தும் பால்கனிகளிலிருந்தும், "கரப்பான்! டேய், நம்ம கரப்பான்!" என்று குரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போயின. போர் தொடங்கியபிறகு அந்தத் தெரு அப்படிச் சிரித்ததே இல்லை.

மறுநாள் முடிதிருத்தும் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து அவருக்கு சல்யூட் அடித்தார். "வாங்க தளபதி! மலையைக் காலி பண்ணிட்டு நேரா நம்ம கடைக்கே வந்துட்டீங்களா?" மருந்துக் கடையில் ஒரு பெண் கரப்பான் மருந்தைக் கையில் எடுத்து, "இதைத்தான் ராணுவத்துல அடிக்கிறாங்களா சார்?" என்று கேட்டாள். குரல்காரருக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாட்டையே ஏமாற்றப் பார்த்த பொய்யைத் தன் அழுகை ஒன்றே உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

பிரம்பு வாத்தியார் அசரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவருக்குச் சோறு எவ்வளவு இருக்கிறது என்ற கவலை ஏது? "குரல் ஒப்பீட்டு நிபுணர்கள் ஆராய்ந்துவிட்டார்கள். இது எதிரி தளபதியின் குரல்தான். சந்தேகப்படுகிறவர்கள் யாருக்காகச் சந்தேகப்படுகிறார்கள் என்று யோசியுங்கள்," என்றார்.

அந்த வார இறுதியில் மனைவியின் தம்பி போர்முனையிலிருந்து போனில் அழைத்தான். மனைவி போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"மாமா, உங்க குரலைக் கேட்டோம்," என்றான். "பதுங்குகுழியில போட்டுக் காட்டினாங்க. நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் 'கரப்பான்டா'ன்னு கத்திட்டான். எங்க லெப்டினன்ட்டே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்."

குரல்காரரும் சிரித்தார். "பார்த்தியா, உங்க ஆளுங்களையே ஏமாத்த முடியல."

தம்பி சிரிக்கவில்லை.

"மலை காலியா இருக்கு, ஏறுங்கன்னு உத்தரவு வந்துச்சு மாமா. அந்தப் பதிவைக் காட்டித்தான் சொன்னாங்க. எங்க லெப்டினன்ட், வயர்லெஸ் வேலை செய்யலைன்னு சொல்லிச் சமாளிச்சுட்டார். நாங்க ஏறல."

"நல்லதாப் போச்சுடா," என்றார் மனைவி.

"எங்களுக்கு வலப்பக்கம் இருந்தவங்க ஏறினாங்க, அக்கா. அவங்க மேற்குக் கோடியில இருந்து வந்த பசங்க. அந்த விளம்பரமெல்லாம் அவங்க ஊர்ப்பக்கம் வந்ததே இல்ல. நம்பி ஏறினாங்க. மலையில எல்லாரும் இருந்தாங்க."

குரல்காரர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து யார் அவரைக் 'கரப்பான்' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். முடிதிருத்தும் கடைக்காரர் இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமலே கேலியை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் மேஜர் வீட்டுக்கே வந்தார். இந்த முறை சீருடையில் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று குரல்காரர் ஒரு நிமிடம் நினைத்தார். அந்த நினைப்புக்கு ஆயுள் அவ்வளவுதான்.

"நீங்க டிவியில வந்து ஒரு நாலு வார்த்தை பேசணும்," என்றார் மேஜர். "எதிரி தளபதி வேணும்னே உங்க குரல் மாதிரி பேசியிருக்கான். நம்ம மக்களைக் குழப்பறதுக்கு அவன் பண்ணின சதி இது."

குரல்காரருக்குக் காதில் விழுந்தது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "எதிரி நாட்டுத் தளபதி, அவங்க மேலிடத்தோட ரகசியமா பேசறப்போ, எங்க ஊர் கரப்பான் விளம்பரத்தை நடிச்சுக் காட்டினாரா?"

"உளவியல் போர் சார் அது. உங்களுக்குப் புரியாது."

"கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்ற நீங்களே இப்படி நெளியறீங்க. கேட்கிறவங்க எப்படி சார் நம்புவாங்க?"

மேஜரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "எதிரிக்குக் குரல் கொடுத்ததா உங்க மேல வழக்குப் போட முடியும். உங்க மைத்துனர் எந்த முகாம்ல இருக்கார்னும் எங்களுக்குத் தெரியும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி முன்னால் வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையைப் பாதி பின்னியிருந்தார். அதை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வழக்குப் போடுங்க சார், இன்னிக்கே போடுங்க. கோர்ட்டுல நீங்க என்ன சொல்வீங்க? அது இவர் குரல்தான்னு நீங்களே நிரூபிக்கணும். அப்போ அது எதிரியோட குரல் இல்லன்னு ஆயிடும். இல்ல, எதிரியோட குரல்தான்னு சொன்னீங்கன்னா, இவர் மேல என்ன வழக்கு?"

மேஜர் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"என் தம்பி எங்க இருக்கான்னு தெரியும்னு சொன்னீங்க," என்றார் மனைவி. "ரொம்ப சந்தோஷம். எதிரி எங்க இருக்கான்னு தெரியாத உங்களுக்கு, அந்த ஒண்ணாவது தெரிஞ்சிருக்கே."

மேஜர் எழுந்து போய்விட்டார். வழக்கு வரவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. பூச்சி மருந்துக் கம்பெனி கரப்பானுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டது. அவன் அழுதது யாருக்கும் பிடிக்கவில்லை என்று கேள்வி. பிரம்பு வாத்தியாருக்குப் பதவி உயர்ந்தது. பிரம்பும் சற்று நீண்டது.

ஒரு நாள் மனைவி வேலையிலிருந்து வந்ததும் கை கழுவிக்கொண்டே சொன்னார். "மலையேறினவங்கள்ல ரெண்டு பேரை எங்க வார்டுக்குக் கொண்டு வந்திருக்காங்க. நாளைக்குப் பார்வையாளர் நேரத்துல வாங்க."

"நான் வந்து என்னத்தைச் சொல்றது?"

"சொல்றதுக்கு இல்ல. பார்க்கிறதுக்கு."

போனார். நீளமான வார்டு. ஜன்னல் பக்கம் தொங்கிய டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற சிப்பந்தியிடம், "அவங்க எந்தப் படுக்கை?" என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே, மூன்றாவது கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த இளைஞன் தலையைத் திருப்பினான். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"நீங்கதானா? அந்தக் குரல் உங்களுதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க," என்றான்.

குரல்காரர் தலையாட்டினார்.

"நாலஞ்சு தடவை போட்டுக் காட்டினாங்க எங்களுக்கு. நல்லா அழுதீங்க." அவன் குரலில் கோபம் தெரியவில்லை. குரல்காரர் கட்டிலருகே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இளைஞன் தொடர்ந்தான். "நான் அந்தத் தளபதியைப் பாவம்னு நினைச்சேன். ஏறும்போதுகூட, மலைக்கு அந்தப் பக்கம் அந்த ஆளைப் பார்த்தா அடிக்கக் கூடாதுன்னு பக்கத்துல வந்தவன்கிட்ட சொன்னேன்."

"தம்பி, எனக்குத் தெரியாது... இதை வெச்சு உங்களை ஏறச் சொல்வாங்கன்னு..."

"அசலான பதிவுல அவன் என்னதான் பேசினான்?"

"அசல்னு ஒண்ணு இல்ல தம்பி. எனக்குக் காட்டவே இல்ல. இருந்தாத்தானே காட்டுவாங்க?"

இளைஞன் கூரையைப் பார்த்தான். "இங்க ஊருக்குள்ள எல்லாருக்கும் அப்பவே தெரியுமா, இது பொய்யின்னு?"

"தெரியும்."

"கேட்டதுமே தெரியுமா?"

"கேட்டதுமே தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

"அவ்வளவு பேர்ல ஒருத்தர்கூட எங்களுக்குச் சொல்லணும்னு நினைக்கலையா?"

குரல்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி மருந்துத் தட்டோடு வந்தார். இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. குரல்காரர் எழுந்திருக்கவில்லை, யாரும் அவரை எழுப்பவுமில்லை. டிவியில் பிரம்பு வாத்தியார் வந்து ஏதோ ஒரு பெட்டியைப் பிரம்பால் தட்டிக்கொண்டிருந்தார். சிப்பந்தி அணைக்கப் போனான்.

"அணைக்காதீங்க," என்றான் இளைஞன். "சத்தத்தைக் கூட்டி வைங்க. இன்னிக்கு என்னத்தைப் பிடிச்சாங்கன்னு கேட்போம். எங்க பசங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. ஏறாதீங்கன்னு யாராவது அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லணும்ல?"

குரல்காரர் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்பர் சொல்லு தம்பி," என்றார்.