கடிதத்தின் இரண்டாவது வரி

1982இல் நாகலெட்சுமிக்கு எட்டாவது மாதம். இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண்ணை மூன்று வருடத்துக்கு முன் வயிற்றைக் கீறித்தான் எடுத்திருந்தார்கள்; இடுப்பு சின்னது என்று தோட்டத்தில் சொன்னார்கள். தையலில் சீழ் பிடித்து மூன்று மாதம் மலை ஏற முடியாமல் கிடந்தாள். இந்தப் பிள்ளையையாவது சாதாரணமாகப் பெற வேண்டுமென்று கேட்காத இடமில்லை. தோட்டத்து மருத்துவச்சி பயந்து ஒதுங்கினாள். பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் தலையே நிமிரவில்லை.

"ஒருதரம் வெட்டினா மறுதரமும் வெட்டுத்தான். ஒனக்கு இடுப்பு சின்னது புள்ள," என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா. ஆஸ்பத்திரிக்குச் சிங்களத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் அவள் பெருவிரலை ஒற்றியெடுத்து, ஒப்பரேசனுக்குத் தேதி சொல்லிக் கையில் கொடுத்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஐவி என்ற மிட்வைப், பொம்பளைங்க சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பாள் என்று யாரோ சொன்னார்கள். புருஷன் கணேசமூர்த்திக்கு லீவு கிடைக்கவில்லை. லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா துணைக்கு வந்தாள். அவளுக்கும் நாலு வருடத்துக்கு முன் வயிற்றைக் கீறித்தான் மகன் பிறந்திருந்தான். அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் உண்டாகவில்லை.

ஐவி கடிதத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இதுல ரேகை வைக்கிறப்ப என்னான்னு சொன்னாங்க?"

"ஒப்பரேசனுக்குன்னு சொன்னாங்க மிஸ்ஸி."

"ரெண்டாவது வரியப் படிச்சுக் காட்டலியா?"

"இல்லீங்களே."

"புள்ளைய எடுத்த கையோட கருக்குழாயையும் கட்டிடச் சம்மதம்னு எழுதியிருக்கு. அப்புறம் ஒனக்குப் புள்ளையே பொறக்காது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி அதன் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கணேசமூர்த்தியிடமும் கேட்கவில்லையே.

"மிஸ்ஸி," என்றாள் வீரம்மா. "நானும் இப்படி ஒண்ணுல ரேகை வச்சேன்."

ஐவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வீரம்மாவின் பேரையும், மகன் பிறந்த தேதியையும், ஆஸ்பத்திரியையும் எழுதிக்கொண்டாள். பிறகு இருவரையும் டொக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

டொக்டரம்மா சிங்களத்தில் பேசினார். ஐவி தமிழில் சொன்னாள். பழைய கார்டைப் பார்த்து, தழும்பைத் தொட்டுப் பார்த்து, வெகுநேரம் பரிசோதித்தார்.

"ஒன் இடுப்புல ஒரு கொறையும் இல்லியாம். மொதப் புள்ள கால் கீழா இருந்ததாலதான் வெட்டியிருக்காங்க. வெட்டும் கீழ்ப்பக்கம் குறுக்காலதான், அது லேசுல பிரியாதாம். முயற்சி பண்ணலாங்கிறாங்க. ஆனா வலி லேசா தொடங்குனதுமே இங்க வந்துடணும், லயத்துல இருக்கக் கூடாது. தழும்புல வலிச்சா ஒடனே சொல்லணும். ஒப்பரேசன் தேவப்பட்டா செஞ்சுதான் ஆகணும். குழாயக் கட்டுறது மட்டும் நீ கேட்டாத்தான்."

இடுப்பு சின்னது என்று மூன்று வருடமாக நம்பியிருந்தவள் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டொக்டரம்மா கடிதத்தின் இரண்டாவது வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மாதம் நிறைந்து, ஒரு காலையில் மலையில் நிற்கும்போதே வலி தொடங்கியது. கணேசமூர்த்தி தோட்டத்து அதிகாரியான கண்டாக்கையாவிடம் மன்றாடி லொறி வாங்கினான். ஒன்பது மணி நேரம் ஐவி பக்கத்திலேயே இருந்தாள். நடுவில் குழந்தையின் துடிப்பு குறைந்து, ஒப்பரேசன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்ததும் துடிப்பு சரியானது. பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது. கத்தி படவில்லை.

மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்த வீரம்மாவை ஐவி வார்டுக்கு வெளியே கூப்பிட்டாள். வாசலோரக் கட்டிலில் படுத்திருந்த நாகலெட்சுமிக்கு எல்லாம் கேட்டது.

"ஒன் புள்ள பொறந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன், பதில் வந்திருக்கு. ஒனக்கும் குழாயக் கட்டித்தான் இருக்காங்க."

"இன்னொரு புள்ள வேணும்னு நாலு வருசமா வெள்ளிக்கிழம பட்டினி கெடந்தேனே மிஸ்ஸி," என்றாள் வீரம்மா.

தோட்டத்துக்குத் திரும்பிய அன்றே இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனார்கள். கேட்டவள் வீரம்மாதான்.

"என் தாள்ல என்னாங்கையா எழுதியிருந்துச்சு?"

அவர் மருந்து ஊற்றுவதை நிறுத்தவில்லை. "ஒங்க நல்லதுக்குத்தானே செஞ்சோம். இந்தத் தோட்டத்துல நீங்கதான் மொத ஆளா?"

வீரம்மா நாகலெட்சுமியைப் பார்த்தாள். மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்களில் இரண்டு பேர் தங்கள் அடிவயிற்றுத் தழும்பைத் தொட்டுக்கொண்டார்கள்.