இடிக்கிற காசு

நாற்காலிமேல் ஏறிப் பரணில் இருந்த பித்தளைத் தூக்கை அருணாதேவி இறக்கினாள். கனக்கும் என்று இரண்டு கையும் கொடுத்தாள். கனமே இல்லை.

வாசலில் பாடை கட்டி முடித்துவிட்டார்கள். மேளம் நின்றிருந்தது.

"காசுத் தூக்க எடுத்தாம்மா, வெயில் ஏறுது!" பங்காளி அப்பாசாமி பெரியப்பா குரல் கொடுத்தார். "அவன் காசுலதான் அவன் போவான். எங்கள சல்லிக்காசு எடுத்தாரக் கூடாதுன்னுட்டான்."

சாவுச் செலவைப் பங்காளிகள் வரி போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். அது வேண்டாமென்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டவர் அப்பா கோதண்டராமன். கடலோர அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் வீடு கட்டியவர். டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான்.

"அணு உலைய கட்டறதுக்குக் காசு வெக்கிறோம். ஓடி ஓஞ்சா சும்மா இடிச்சிட முடியுமா? கதிர்வீச்சு அடங்கற வரைக்கும் காவல் காக்கணும். அப்புறம் துண்டு துண்டா அறுத்துப் பத்திரப்படுத்தணும். அதுக்கு யார் குடுப்பா? பேரப்புள்ளைங்களா? இன்னைக்கு லைட்டு போடறவன்தான் யூனிட்டுக்கு யூனிட் எடுத்து வெக்கணும். வெச்சத எவனும் தொடக் கூடாது."

"மொதல்ல உன்ன இடிக்க எடுத்து வெய்யி" என்று ஒருநாள் அப்பாசாமி கிண்டல் செய்தார். கோதண்டராமன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பென்ஷனிலிருந்து இந்தப் பித்தளைத் தூக்கில் காசு சேர்க்க ஆரம்பித்தார்.

தம்பி வல்லரசு உள்ளே வந்தான். தூக்கைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான்.

"நான்தாங்கா எடுத்தேன். கீழ்பென்னாத்தூர் நெலத்துல தண்ணிக்குப் போர் போட்டேன். மல்லாட்ட வெளஞ்சு வித்ததும் வெச்சிடலாம்னு..."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நல்லாத்தான இருந்தாரு? இப்ப எங்க போவப் போறாருன்னு நெனச்சேன்." அவன் பார்வை அவள் கைப்பையில் நின்றது. "இதுல உன் காச வெச்சுக் குடுத்துடுக்கா. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

பையில் பணம் இருந்தது. அருணாதேவி பையைத் தள்ளி வைத்துவிட்டு, தூக்கை அவன் கையில் கொடுத்தாள்.

"எடுத்தவன் வெக்கணும். அவரு வாழ்நாளெல்லாம் சொன்னது அதான்."

"மானம் போவும்கா."

"வெறும் தூக்க நான் கொண்டுபோய்க் காட்டினா, வாய்ப் பேச்சுக்காரன்னு அப்பாவத்தான் சிரிப்பாங்க. எடுத்தது நீன்னு நீயே சொல்லு."

வல்லரசு கதவைத் திறந்தான். பாடைக்குப் பக்கத்தில் நின்று தூக்கைக் கவிழ்த்துக் காட்டினான்.

"அப்பா வெச்சிருந்தாரு. நான் எடுத்துச் செலவு பண்ணிட்டேன்."

அப்பாசாமியின் கை தன் மடிக்குப் போனது. வெறும் மடியோடு வந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இன்னாடா இது, பங்காளி வரி இல்லாத டவுன் வீட்டுச் சாவு!" என்றார் எரிச்சலாக.

வல்லரசு விரலில் எச்சில் தொட்டு, கல்யாண மோதிரத்தைத் திருகிக் கழற்றினான். பெரியப்பா மகன் பலராமனிடம் நீட்டினான். "அடகுக் கடையில வெச்சிட்டு சீக்கிரம் வா."

பலராமனின் பைக் திரும்பி வரும்வரை வெயிலில் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை. நோட்டுகள் தூக்கில் விழுந்தன. அதிலிருந்து எடுத்துத்தான் அப்பாசாமி பாடை கட்டினவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் கொடுத்தார்.

மேளம் எழுந்தது. தீச்சட்டியோடு வல்லரசு முன்னே நடந்தான். தலை குனியவில்லை.

பெண்கள் தெருமுனையோடு திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். உடல் கிடந்த இடத்தில் அருணாதேவி விளக்கேற்றினாள்.

சுடுகாட்டிலிருந்து ஈரத்துணியோடு வந்த வல்லரசு விளக்கைப் பார்த்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நாற்காலி இழுபடும் சத்தம். பரணில், வெறும் பித்தளைத் தூக்கில் காசு ஒன்று கணீரென்று விழுந்தது.

அருணாதேவி திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் போட்ட வாசல் ட்யூப்லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. போய் அணைத்தாள்.