உப்புப் போடாத சாயா

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வீடு வீடாக உப்புக் கேட்டு வாங்கி, வெட்டின குழி ஒன்றை மூடவைத்தவளின் கதையைச் சொல்லுகிறேன்.

எழுபத்து நாலாம் வருஷம். கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து கிள்ளுகிறவள் வேலுத்தாய். முந்தின மழையில் வாந்திபேதி அவளுடைய மூத்தவனைக் கொண்டுபோயிற்று. மிச்சம் நாலு வயது முத்துப்பேச்சி ஒருத்திதான்.

பாலக்காட்டிலிருந்து இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் எட்டுப் பேர் பத்து நாள் முகாமுக்கு வந்தார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கக்கூஸ் கட்டித் தர. லயத்துக்கு மேலே சமமாகக் கிடந்த இடத்தில் குழியும் வெட்டிவிட்டார்கள். பார்த்ததும் வேலுத்தாய் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள். குழிக்கு நேர் கீழேதான் லயமே குடிக்கிற ஊற்று.

"தம்பி, இது ஊத்துல போயிச் சேருமே!"

கந்தப்பன்தான் அவர்களுக்குத் தலைவன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி மகன். டேப்பை நீட்டிக் காட்டினான். "ஏனுங்கக்கா, அம்பதடி தள்ளியிருந்தாப் போதுமுங்க. இங்க அறுபது இருக்குதுங்க. நாளைக்கழிச்சு குழி மேல கான்கிரீட் சிலாப் போட்டுருவோமுங்க."

"உங்க ஊரு சமதரை. அங்க தண்ணி படுத்துக் கெடக்கும். இங்க அது எறங்கி நடக்கும்லா?"

பையன்கள் சிரித்தார்கள். வேலுத்தாய் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் உப்புக் கேட்டாள்.

"என்னடி, மலைக்கே ஊறுகா போடப் போறியா?" என்று சின்னத்தாயி கேலி பண்ணினாள், பண்ணிக்கொண்டே முறம் நிறையக் கொடுத்தாள். சாக்கு நிறைந்தது. எல்லாவற்றையும் குழியில் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் ஊற்று எப்போதும்போலவே இருந்தது. இன்னும் இருபது குடம் சுமந்து ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை சிலாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு வேலுத்தாய் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். தோட்டத்தில் அதற்கு உப்புத்தான் போடுவார்கள், பையன்களுக்கும் பழகிவிட்டிருந்தது.

"இன்னைக்கு உப்பு தூக்கலுங்கக்கா," என்றான் கந்தப்பன்.

"நான் உப்பே போடலியே, தம்பி."

அவன் தம்ளரைப் பார்த்தான். விறுவிறுவென்று ஊற்றுக்கு இறங்கிப்போய் ஒரு கை அள்ளிக் குடித்தான். காது சிவக்கத் திரும்பி வந்தான்.

"சிலாப்ப எறக்குங்கடா. எங்க வெட்டோணும், சொல்லுங்கக்கா."

லயத்துக்குக் கீழே அவள் காட்டிய சரிவு ஒரே பாறை. மிச்சம் நாலே நாள். கடப்பாரை பிடித்துப் பிடித்துப் பையன்களின் கையெல்லாம் கொப்புளம். கிள்ளின கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வேலுத்தாயும் மண்வெட்டியோடு இறங்கினாள். மேலே இருந்த குழியைத் தூர்த்தார்கள். நடுவில் இரண்டு மழை அடித்துப் பெய்தது.

முகாம் முடிகிற அன்று முத்துப்பேச்சி ஊற்றில் அள்ளிக் குடித்து, "சப்புன்னு இருக்கும்மா," என்றாள். அதைவிட இனிப்பான ஒரு சொல் வேலுத்தாய் காதில் விழுந்ததே இல்லை.

உங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரும் அப்படியே இருக்கட்டும், கண்ணுகளா. அதைக் குடித்து வளர்கிற பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழட்டும்.