மருதமுத்து விழவே இல்லை

இனிப்பு நீர் வியாதி மருதமுத்துவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் ஒன்றரை வருடமாகிறது. செயற்கைக்கால் போட்டுப் பதினொரு மாதம். முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஒரு பூனையைக்கூட இடிக்காத மனிதரை, இவர் கீழே விழக்கூடியவரா என்று சோதிப்பதற்காக மலாக்காவில் ஒரு மருத்துவமனை நாள் குறித்து அழைத்திருந்தது. அந்த அவமானத்துக்குச் சாட்சியாக மனைவி இந்திராதேவியும் வந்திருந்தாள்.

நடைப்பயிற்சி தரும் பிசியோ தேவிஸ்ரீ படிவத்தை விரித்தாள். "அங்கிள், கால் போட்டதுலேருந்து எத்தன தடவ விழுந்தீங்க?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

"ஏழு," என்றாள் இந்திராதேவி.

மருதமுத்து பெருந்தன்மையோடு விளக்கினார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நடந்தது விழுந்ததே அல்ல, யாரோ இடித்தது. கோயில் படியில் அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். புக்கிட் காத்தில் என்ற ஊரிலுள்ள தங்கள் வீட்டு வாசலில் நடந்ததற்கு முழுப் பொறுப்பும் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியையே சேரும். அதை யாரும் சோதனைக்கு அழைக்கவில்லை.

"நெனைக்காம தரைக்குப் போனா அதுக்குப் பேரு விழுறதுதான் லா அங்கிள்."

நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னாள். பதினான்கு விநாடி. தேர்தலில் ஜெயித்தவர்போல மருதமுத்து மனைவியைப் பார்த்தார்.

"சூப்பர். இப்ப நூறுலேருந்து மூணு மூணா கழிச்சுச் சொல்லிக்கிட்டே நடங்க."

"தொண்ணூத்தேழு... தொண்ணூத்து நாலு..." நடை தளர்ந்தது.

"ஏழு தடவ விழுந்தத மறைக்கிறவருக்குக் கழித்தலா வராது?" என்றாள் இந்திராதேவி.

"யாரு மறைச்சா?" என்று திரும்பினார். செயற்கைக்காலின் நுனி தரையில் மாட்டியது. தேவிஸ்ரீ அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்திராவிட்டால் முகம் தரையில்தான். இந்திராதேவி பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் நிமிர்ந்த பிறகும் விடவில்லை.

"அந்த ஏழு தடவையும் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாரு ஆன்ட்டி?"

"என்கூட வாய்ச்சண்டதான்."

மருதமுத்து சட்டையைப் பற்றியிருந்த அந்தக் கையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எட்டு. நீ பாசாருக்குப் போயிருந்தப்ப பாத்ரூம்ல விழுந்தேன். எந்திரிக்க அர மணி நேரமாச்சு."

தேவிஸ்ரீ எட்டு என்று எழுதினாள். வாரம் இருமுறை பயிற்சி, பாத்ரூம் சுவரில் கைப்பிடி. இனி நடக்கும்போது பேச்சு கிடையாது, பேசியே ஆகவேண்டுமென்றால் நின்று பேச வேண்டும் என்றாள்.

மருதமுத்து மருத்துவத்தை மதிப்பவர். மூன்று மாதமாக அவர் விழவில்லை. பத்து நிமிடத்தில் போய்வரக்கூடிய கடைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் நடுரோட்டில் நின்று, முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கிறார். இந்திராதேவி இரண்டு கையிலும் பையோடு வெயிலில் நின்று கேட்கிறாள்.